சித்திரை வெக்கையில் ஹீற்சிங் கணக்கு
வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் செய்யும் எல்.ஈ.டி. வளர்ப்பு விளக்குகள் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்பவை வெவ்வேறாக இருந்தாலும் எல்லாம் சூட்டில்தான் வந்து நிற்கின்றன. அந்தச் சூட்டைச் சிப்பிலிருந்து இழுத்துக் காற்றில் விடும் அலுமினியத் துண்டுதான் ஹீற்சிங்; அதில் வரிசையாக நீட்டி நிற்கும் தகடுகளைச் செட்டை என்கிறோம். யாழ்ப்பாணத்து அறைகளுக்கு ஏற்றபடி கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே தருகிறோம்.

கேள்வி: வருடம் முழுக்க மைக்ரோகிரீன்ஸ் வளர்க்கவும் மாரியில் மிளகாய் நாற்றுப் போடவும் பின்னறையில் ஒரு விளக்குச் செய்யப் போகிறேன். 50 வாற்று சி.ஓ.பி. சிப் (பல எல்.ஈ.டி.களை ஒரே தகட்டில் நெருக்கமாகப் பதித்தது) இரண்டு வாங்கிவிட்டேன். ஃபான் வேண்டாம் என்று நினைக்கிறேன். யூரியூப்பில் ஒருவர் வாற்றுக்கு 110 சதுர சென்ரிமீற்றர் ஹீற்சிங் வேண்டும் என்கிறார். இன்னொருவர் 50 காணும் என்கிறார். எதை நம்புவது? அறை கூரைக்குச் சீற் போட்டது, மத்தியானத்தில் உள்ளே நிற்க முடியாது.
– வாசகர், கோப்பாய்

பதில்: இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். எந்த அறையில் என்பதை மட்டும் இருவரும் சொல்லவில்லை. ஹீற்சிங் சிப்பை ஒரு குறித்த வெப்பநிலையில் பிடித்து வைப்பதில்லை. சுற்றிலும் உள்ள காற்றை விட இத்தனை பாகை மேலே என்றுதான் நிற்கும். 25 பாகை அறையில் 35 பாகை ஏறினால் ஹீற்சிங் 60 இல் நிற்கும். உங்கள் பின்னறை கோடை மத்தியானத்தில் 38 பாகையைத் தொடும் என்று வைத்தால், அதே ஹீற்சிங் அங்கே 73 இல் நிற்கும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருகிறது. சீற்றுக்குக் கீழே வைக்கும் விளக்குக்கு அந்த நாட்களின் வெக்கையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் எவ்வளவு வெப்பம் என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 50 வாற்றை நம்ப வேண்டாம். ட்ரைவர் (சிப்புக்கு ஏற்றபடி மின்னை மாற்றிக் கொடுக்கும் பெட்டி) உண்மையில் கொடுக்கும் வோல்ற்றையும் அம்பியரையும் மல்ரிமீற்றரால் அளந்து பெருக்குங்கள். 36 வோல்ற்றில் 1.4 அம்பியர் ஓடினால் 50 வாற்று. பெயரில்லாத மலிவுச் சிப் என்றால் அதில் 30 வீதம் அளவுதான் வெளிச்சமாகப் போகும் என்று எடுங்கள். மிச்சம் 35 வாற்றும் சிப்பின் அடியால் வெப்பமாக இறங்கும். இரண்டு சிப்புக்கும் 70 வாற்று. (தரமான சிறு எல்.ஈ.டி.கள் பதித்த பட்டிகளைக் குறைந்த மின்னோட்டத்தில் எரித்தால் பாதிக்கு மேல் வெளிச்சமாகவே வெளியேறும். அவற்றுக்கு இவ்வளவு பெரிய ஹீற்சிங் தேவைப்படாது.)

அடுத்தது, எவ்வளவு ஏற விடலாம் என்பது. ஹீற்சிங் 60 பாகையைத் தாண்டாவிட்டால், பேஸ்ற்றிலும் (சிப்புக்கும் ஹீற்சிங்குக்கும் இடையில் பூசும் வெப்பப் பசை) சிப்பின் அடித்தகட்டிலும் ஏறும் 20 பாகையளவைச் சேர்த்து, சிப்பின் உள்ளே 80 அளவில் நிற்கும். அந்த மட்டத்தில் சிப் நெடுநாள் உழைக்கும். அறை 38, எல்லை 60. ஏற விடக்கூடியது 22 பாகை.

ஃபான் இல்லாமல், செட்டைகளுக்கு இடையால் காற்றுத் தடையின்றி மேலே போனால், ஒரு சதுர மீற்றர் பரப்பு ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 5 வாற்றை வெளியேற்றும். இதைச் சுருக்கினால் மனதில் வைத்திருக்க இலகுவான கணக்கு ஒன்று வரும்: 2000 ஐ ஏற விடக்கூடிய பாகையால் வகுங்கள். வருவது ஒரு வாற்று வெப்பத்துக்கு வேண்டிய சதுர சென்ரிமீற்றர். உங்களுக்கு 2000 ÷ 22 = 91. 70 வாற்றுக்கு 6370 சதுர சென்ரிமீற்றர். 25 பாகை அறையில் இருப்பவருக்கு 2000 ÷ 35 = 57 மட்டுமே. 50 காணும் என்றவர் அப்படியொரு அறையில் இருந்து கதைத்திருப்பார். 110 என்றவரின் அளவை எடுத்தால் உங்கள் அறையில் 18 பாகை ஏறி 56 இல் நிற்கும், அது தாராளம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்தக் கணக்கில் வாற்று என்பது வெப்ப வாற்று, மீற்றரில் ஓடும் மின் வாற்று வேறு.

இனிக் கடையில் கிடைக்கும் துண்டுக்கு இதைப் பொருத்துவோம். அகலம் 150 மில்லிமீற்றர், செட்டைகள் 15, செட்டையின் உயரம் 40 மில்லிமீற்றர், தடிப்பு 2 மில்லிமீற்றர், நீளம் 30 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். ஒரு செட்டையின் இரு பக்கமும் 4 × 30 × 2 = 240; பதினைந்துக்கும் 3600. செட்டைகளுக்கு இடையில் தெரியும் அடித்தளம் 360. மொத்தம் 3960. இதையே 25 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டினால் 3300 வரும். அப்படி இரண்டு துண்டு, துண்டுக்கு ஒரு சிப், மொத்தம் 6600. உங்கள் தேவை தீர்ந்தது.

ஒரே 50 சென்ரிமீற்றர் துண்டாக வாங்கி இரண்டையும் அதிலேயே பூட்டினால் வேலை மிச்சம் என்று தோன்றும். செய்யாதீர்கள். விளக்கு கீழ்நோக்கி எரியும்போது செட்டைகள் மேல்நோக்கி நிற்கும். சூடான காற்று மேலே கிளம்ப, குளிர்ந்த காற்று செட்டைகளின் இரண்டு அந்தத்தாலும் உள்ளே வரும். நீளம் கூடக் கூட நடுப்பகுதிக்கு வந்து சேரும் காற்று ஏற்கெனவே சூடானதாக இருக்கும். இரண்டு துண்டுகளாக வைத்து, இடையில் ஒரு கையகலம் இடைவெளி விட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியே மூச்சு விடும். துண்டுகளுக்கு மேலே கூரை, பலகை, தட்டு எதுவானாலும் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கட்டும்.

செட்டை இடைவெளியையும் பார்த்து வாங்குங்கள். ஃபான் இல்லாத ஹீற்சிங்குக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வேண்டும். 2 மில்லிமீற்றர் இடைவெளியில் நெருக்கமாகச் செட்டை வைத்த துண்டைக் கணக்குப் போட்டால் பரப்பு இரண்டு மூன்று மடங்கு வரும், ஆனால் அந்த இடுக்கில் காற்று தானாக ஏறாது. பழைய மின்சாதனங்களில் கழற்றிய ஹீற்சிங்கைப் பாவிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். சிப் உட்காரும் அடித்தளம் 5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மெல்லிய தகடாக இருந்தால் நடுவில் கொதிக்கும், ஓரச் செட்டைகள் வெறுமனே நிற்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு எங்கள் சொந்த அபிப்பிராயம் ஒன்று. ஹீற்சிங்குக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை மூன்றாவது சிப்புக்குக் கொடுங்கள். மூன்றையும் 0.9 அம்பியரில் எரித்தால், இரண்டை 1.4 இல் எரிப்பதை விட வெளிச்சம் குறையாது. சிப் ஒவ்வொன்றிலும் இறங்கும் வெப்பம் 35 இலிருந்து 20 வாற்றுக்குக் கிட்ட வந்துவிடும். மின்னோட்டம் குறைந்தால் சிப்பின் செயற்றிறன் கூடும் என்பதுதான் காரணம். வெளிச்சமும் தட்டு முழுக்கச் சமனாக விழும்.

மிளகாய் நாற்றைப் பொறுத்தவரை, வெயில் காலத்தில் வெளியே நிழல்வலையே காணும். இந்த விளக்கு மாரி மூட்டத்துக்கும் அறைக்குள் வளர்க்கும் பயிருக்கும் மட்டும் இருக்கட்டும்.

கேள்வி: பழைய கணினிகளில் இருந்து கழற்றிய சி.பி.யு. கூலர்கள் கைவசம் உண்டு, ஃபானோடு. 50 வாற்று சிப்புக்கு ஒன்று காணுமா? ஃபான் நின்றால் என்ன நடக்கும்? எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட.
– வாசகர், பருத்தித்துறை

பதில்: காணும். ஃபான் நேராக ஊதினால் வாற்று வெப்பத்துக்கு 30 முதல் 40 சதுர சென்ரிமீற்றர் போதுமானது. ஃபான் இல்லாததில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கூலர்கள் 65 வாற்றும் அதற்கு மேலும் வெப்பம் விடும் புரொசசர்களுக்காகச் செய்யப்பட்டவை. 35 வாற்று அவற்றுக்கு இலேசான வேலை. ஃபான் செட்டைகளை நோக்கி ஊதும்படியே இருக்கட்டும், மாற்றிப் போட வேண்டாம். நான்கு வயர் உள்ள ஃபானில் பெரும்பாலும் மஞ்சள் 12 வோல்ற்று, கறுப்பு மறை. பச்சையையும் நீலத்தையும் தனித்தனியே சுற்றி மூடிவிடுங்கள், முழு வேகத்தில் ஓடும். சத்தம் பிடிக்காவிட்டால் 9 வோல்ற்று அடப்ரர் கொடுக்கலாம், ஆனால் கையால் தட்டாமல் தானாகவே சுழலத் தொடங்குகிறதா என்று பலமுறை போட்டு அணைத்துப் பாருங்கள்.

ஃபான் நின்றால் என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். அந்தக் கூலரின் செட்டைகள் ஃபானுக்காக நெருக்கமாக வைக்கப்பட்டவை. ஃபான் இல்லாமல் அவை ஏறக்குறைய ஒரு அலுமினியக் கட்டி மாதிரித்தான். சில நிமிடங்களில் 100 பாகையை நோக்கிப் போகும். சிப்பின் மஞ்சள் பூச்சு நடுவில் பழுப்பாகும், பிறகு வரிசை வரிசையாக அணையும். ஆகவே ஃபான் உள்ள விளக்குக்கு வெப்ப வெட்டி இல்லாமல் மின் கொடுக்கக் கூடாது. கே.எஸ்.டி. 301 என்று கேட்டால் எலெக்ரோனிக்ஸ் கடைக்காரருக்குத் தெரியும். பொத்தான் அளவான உலோக மூடி, இரண்டு கால்கள், ஸ்குரூவுக்கு இரண்டு காது. 70 பாகையில் வெட்டுவதாகவும், சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையாகவும் பார்த்து வாங்குங்கள். திறந்திருக்கும் வகையும் அதே தோற்றத்தில்தான் வரும். வாங்கியதும் மல்ரிமீற்றரில் தொடர்ச்சி பாருங்கள்: குளிர்ந்த நிலையில் சத்தம் கேட்க வேண்டும். சூடான இஸ்திரிப் பெட்டியில் மூடியை வைத்தால் சத்தம் நிற்க வேண்டும்.

அதைச் சிப்பிலிருந்து 3, 4 சென்ரிமீற்றருக்குள், செட்டைக்கு அடியில் உள்ள தடித்த பகுதியில், கொஞ்சம் பேஸ்ற் தடவி ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். ட்ரைவருக்குப் போகும் 230 வோல்ற்று உயிர்க்கம்பி அதனூடாகப் போக வேண்டும். கால்கள் இரண்டும் திறந்த நிலையில் இருப்பதால் ஹீற் சிறிங்க் குழாய் போட்டு மூடுவது கட்டாயம். இது குளிர்ந்ததும் தானாகவே திரும்ப இணைக்கும். விளக்கு சில நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரிகிறதென்றால் ஃபான் நின்றுவிட்டது அல்லது அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஃபானின் அடப்ரரும் ட்ரைவரும் ஒரே சுவிற்சில் இருக்கட்டும். தனிப் பிளக்கில் போட்டால் ஒருநாள் யாராவது போன் சார்ஜ் பண்ணுவதற்கு அதைக் கழற்றிவிடுவார்கள்.

கடற்கரை வீடு என்பதால் இன்னும் இரண்டு. அலுமினியத்தில் சாதாரண இரும்பு ஸ்குரூ போட்டால், உப்புக் காற்றில் ஸ்குரூ கறள் பிடிக்கும், அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பொரியும், பிடி தளரும். கறள் பிடிக்காத எஃகு ஸ்குரூ பாவியுங்கள். ஃபான் வாங்கும்போது போல் பெயரிங் உள்ளதாகப் பாருங்கள். சாதாரண புஷ் வைத்த ஃபான் விளக்கின் மேல் படுத்த நிலையில் ஓடும்போது சீக்கிரம் தேய்ந்து இரையத் தொடங்கும். சோளகம் தொடங்கினால் புழுதி செட்டைக்குள் படிந்து நிற்கும். அந்த மாதங்களில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பெயின்ற் தூரிகையால் தட்டி எடுங்கள்.

கேள்வி: ஹீற்சிங் பெரியதுதான், தொட்டால் இளஞ்சூடு. ஆனாலும் சிப் இரண்டு மாதத்தில் கருகிவிட்டது. பேஸ்ற் நிறையத்தான் பூசியிருந்தேன்.
– வாசகி, மானிப்பாய்

பதில்: நிறையப் பூசியதுதான் பிழை. ஹீற்சிங் இளஞ்சூட்டில் இருக்கச் சிப் கருகினால், வெப்பம் இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது என்று எடுக்கலாம்.

சிப்பின் அடித்தகடு 4 சென்ரிமீற்றர் சதுரம், அதனூடாக 35 வாற்று இறங்குகிறது என்று வையுங்கள். கடையில் கிடைக்கும் மலிவான வெள்ளைப் பேஸ்ற் 0.1 மில்லிமீற்றர் தடிப்பில் இருந்தால் அதில் ஏறுவது 2 பாகைதான். அதே பேஸ்ற் 1 மில்லிமீற்றர் தடிப்பென்றால் 22 பாகை. பேஸ்ற் இல்லாமல் 0.1 மில்லிமீற்றர் காற்று அகப்பட்டால் 80 பாகைக்கு மேல். விலை கூடிய பேஸ்ற் தேடி அலைய வேண்டியதில்லை. இரு முகமும் மட்டமாக இருந்து, இடையில் காற்று இல்லாமல், மெல்லியதாகப் பரவியிருந்தால் மலிவானதே போதும்.

செய்யும் முறை: ஸ்குரூத் துளைகளை ஹீற்சிங்கில் 2.5 மில்லிமீற்றர் அலகால் துளைத்து எம் 3 மரை வெட்டுங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் துளைத்தால் அலகில் உலோகம் அப்பாது. பிறகு துளை வாயில் எழும்பி நிற்கும் பிசிரைப் பெரிய அலகைக் கையால் திருப்பி நீக்குங்கள். இதை விடுபவர்கள்தான் அதிகம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிர் சிப்பின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடிக்கும். இரும்பு அடிமட்டத்தின் ஓரத்தை முகத்தின் மேல் நிறுத்தி, பின்னால் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் கண்ணாடித் துண்டின் மேல் 400 ஆம் நம்பர் தண்ணீர் அரத்தாளை வைத்து, ஹீற்சிங்கை அதன்மேல் எட்டு வடிவில் தேயுங்கள். ஸ்பிரிற்றால் துடைத்துக் காய விடுங்கள்.

ஒரு பயறளவு பேஸ்ற்றை நடுவில் வைத்துச் சிப்பை அமர்த்தி, மெல்ல இடம் வலமாக அசைத்து அழுத்துங்கள். எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இப்போது உடனே மின் கொடுக்காமல், ஒருமுறை கழற்றித் தூக்கிப் பாருங்கள். இரு முகத்திலும் மெல்லிய வெண்படலம் ஓரம் வரை ஒரே சீராக இருந்தால் சரி. நடுவில் தடித்த தீவு, ஓரத்தில் வெறும் உலோகம் என்றால் முகம் மட்டமில்லை. பார்த்த பிறகு துடைத்துப் புதிதாகப் பூசித்தான் திரும்பப் பூட்ட வேண்டும்; பிரித்த படலத்தின் மேலேயே வைத்தால் காற்றுக் குமிழ் அகப்படும். சிப்பின் அடி வெள்ளைச் செரமிக் என்றால் நேரடியாக ஸ்குரூ போட வேண்டாம், வெடிக்கும். அதற்கென்று வரும் பிளாஸ்ரிக் பிடியை வாங்குங்கள். யன்னலுக்குப் பூசும் சிலிக்கன், ஹொட் குளூ, இரட்டைப் பக்க ரேப் மூன்றும் இந்த வேலைக்கு உதவாது.

கேள்வி: யன்னல் வேலையில் மிஞ்சிய அலுமினியப் பெட்டிச் சட்டங்களை ஹீற்சிங்காகப் பாவிக்கலாமா? கறுப்புப் பெயின்ற் அடித்தால் நல்லதாமே?
– வாசகர், உடுவில்

பதில்: எல்.ஈ.டி. பட்டிகளுக்குத் தாராளமாகப் பாவிக்கலாம்; சி.ஓ.பி. சிப்புக்குச் சரிவராது. 100 க்கு 44 மில்லிமீற்றர் பெட்டிச் சட்டத்தின் வெளிச்சுற்று 28.8 சென்ரிமீற்றர். 30 சென்ரிமீற்றர் நீளத்தில் 864 சதுர சென்ரிமீற்றர். அதில் 12 வாற்றுப் பட்டி ஒட்டினால் வெப்பம் 6 வாற்று அளவு. வாற்றுக்கு 144 கிடைக்கிறது. சட்டத்தின் உட்புறத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கே காற்று ஓடாது. சி.ஓ.பி. என்றால் ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தில் 35 வாற்று இறங்கும், 1.2 மில்லிமீற்றர் தகட்டால் அதைப் பக்கவாட்டில் கொண்டுபோக முடியாது.

பளபளக்கும் வெறும் அலுமினியம் கதிர்வீச்சாக வெப்பத்தை விடுவது மிகக் குறைவு. மங்கலான கறுப்பு ஸ்பிறே ஒரு மெல்லிய பூச்சு, ஃபான் இல்லாத விளக்கில் சில பாகைகளைக் குறைக்கும். மட்டமான சட்டத்தில் பலன் கூட. நெருக்கமான செட்டைகளில் குறைவு, அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் நிற்கின்றன. ஃபான் இருந்தால் மினக்கெட வேண்டாம். ஏற்கெனவே நிறம் பூசி வந்த யன்னல் சட்டத்தை அப்படியே பாவிக்கலாம். எஞ்சிய இரும்புத் தகட்டைப் பாவிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: இரும்பு வெப்பம் கடத்துவது அலுமினியத்தின் கால்வாசி அளவுதான், விடுங்கள்.

கேள்வி: ட்ரைவர் தேவையில்லை, 230 வோல்ற்றை நேரே கொடுக்கலாம் என்று ஒரு சிப் மலிவாகக் கிடைத்தது. எரிகிறது. ஆனால் ஹீற்சிங்கில் கை பட்டால் சுரீர் என்கிறது. தண்ணீர் தெளிக்கும் இடத்தில் வைக்கலாமா?
– வாசகி, சுன்னாகம்

பதில்: வைக்கக் கூடாது. இப்போதே பிளக்கைக் கழற்றிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

அந்தச் சிப்பின் ஓரத்தில் இருக்கும் சிறு கறுப்புத் துண்டுகள் மின்னோட்டத்தை மட்டும்தான் கட்டுப்படுத்துகின்றன. வீட்டு மின்சாரத்தையும் எல்.ஈ.டி.யையும் பிரிக்கும் மின்மாற்றி அதில் இல்லை. எரியும் கோடுகளுக்கும் அலுமினிய அடிக்கும் இடையில் இருப்பது தலைமயிர் அளவு தடிப்பான ஒரு காப்புப் படலம். கையில் உறைப்பது அதனூடாகக் கசியும் மின். அந்தப் படலம் கீறினால், ஈரம் ஏறினால், ஸ்குரூ தலை கோட்டில் முட்டினால், ஹீற்சிங் முழுவதும் 230 வோல்ற்று நிற்கும்.

மின்தனிப்பு உள்ள நிலையான மின்னோட்ட ட்ரைவரும் சாதாரண சிப்பும் வாங்குங்கள். அதிலும் ஹீற்சிங்குக்கு மூன்றாவது வயரால் ஏர்த் கொடுங்கள்: பச்சை மஞ்சள் வயரின் அந்தத்தில் வளையம் வைத்து, அலுமினியத்தைச் சுரண்டிய இடத்தில் பல் வளையத்தோடு இறுக்க வேண்டும். வீட்டு ட்ரிப் சுவிற்ச் 30 மில்லிஅம்பியர் வகையா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: ஐ.ஆர். வெப்பமானியால் (தொடாமல் தூர வைத்து அளப்பது) அடித்தால் ஹீற்சிங் 41 பாகை காட்டுகிறது. தொட்டால் கை வைக்க முடியவில்லை. வெப்பமானி பழுதா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: பழுதில்லை. வெறும் அலுமினியம் ஒரு கண்ணாடி போல அறையின் வெப்பத்தைத் தெறிக்கிறது. வெப்பமானி காண்பது பெரும்பாலும் உங்கள் அறையை. சிப்புக்குப் பக்கத்தில் கறுப்பு இன்சுலேசன் ரேப் ஒரு துண்டு வடிவாக ஒட்டி, இரண்டு நிமிடம் விட்டு, ரேப்பின் மேல் கிட்ட வைத்து அளந்து பாருங்கள். 60 ஐத் தாண்டியிருக்கும்.

கே வகை வெப்பவிணை வயர் (நுனியால் தொட்டு வெப்பநிலை அளப்பது) வரும் மலிவு மல்ரிமீற்றர் இதை விட நம்பகமானது. வயரின் நுனி முடிச்சில் பேஸ்ற் தொட்டு, சிப்பைப் பிடிக்கும் ஸ்குரூவின் வளையத்துக்கு அடியில் வைத்து இறுக்குங்கள். விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் விட்டு, கதவு யன்னல் வழக்கமாக எப்படி இருக்குமோ அப்படி வைத்து அளக்க வேண்டும். அதே நேரம் விளக்கின் மட்டத்தில், அதிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, காற்றின் வெப்பநிலையையும் எழுதுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டிய எண். மார்கழியில் அறை 27, ஹீற்சிங் 55 என்றால் ஏற்றம் 28. அந்த ஏற்றம் பெரிதாக மாறாது. சித்திரையில் அறை 38 ஆகும்போது ஹீற்சிங் 66 இல் நிற்கும் என்று இப்போதே தெரிந்துவிடும். மின்னோட்டத்தைக் குறைப்பதா, ஃபான் வைப்பதா என்று தீர்மானிக்க நான்கு மாதம் இருக்கிறது.

ட்ரைவரின் உடம்பையும் அதே வயரால் அளந்து வையுங்கள். அதனுள்ளே இருக்கும் மின்பகுப்புக் கொள்ளளவிகளின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகைக்கும் பாதியாகக் குறையும். பல விளக்குகளில் முதலில் சாவது சிப் அல்ல, சூடான ஹீற்சிங்கின் முதுகில் ஏற்றி வைத்த ட்ரைவர். அதைச் சுவரில் பூட்டுங்கள்.

கேள்வி: வாழை இழைய வளர்ப்பு (போத்தலுக்குள் ஊட்ட ஊடகத்தில் சிறு இழையத்திலிருந்து கன்று எடுப்பது) பழகுகிறேன். மூன்று தட்டு ராக்கை, தட்டுக்கு 60 வாற்று எல்.ஈ.டி. பட்டிகள். ஏ.சி. 25 இல் இருந்தும் மேல்தட்டுப் போத்தல்களுக்குள் 29, 30 காட்டுகிறது, மூடியில் நீர் கோக்கிறது. ஹீற்சிங்கைப் பெரிதாக்கினால் சரியாகுமா?
– வாசகர், நீர்வேலி

பதில்: ஆகாது. ஹீற்சிங் வெப்பத்தைச் சிப்பிலிருந்து எடுத்து அறைக்குள் விடுகிறது, அவ்வளவே. மீற்றரில் ஓடும் 180 வாற்றும், இலையில் விழும் வெளிச்சம் உட்பட, கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடியும். 12000 பி.ரி.யு. ஏ.சி.க்கு அது பெரிய சுமை இல்லை. உங்கள் பிரச்சினை தட்டுக்குத் தட்டு நடக்கிறது: நடுத்தட்டு விளக்கின் முதுகு மேல்தட்டின் அடியைச் சூடாக்குகிறது. போத்தலின் அடி சூடு, மூடி குளிர். ஊடகத்திலிருந்து எழும் ஆவி மூடியில் கோக்கிறது.

பட்டிகள் பூட்டிய அலுமினியத்தை மேலே உள்ள பலகையோடு ஒட்டாமல் 5 சென்ரிமீற்றர் கீழே இறக்கித் தொங்க விடுங்கள். பலகையின் அடிப்பக்கத்தில் 20 மில்லிமீற்றர் ரெஜிபோம் ஒட்டுங்கள். அது விளக்கின் அலுமினியத்தில் முட்டக் கூடாது. அந்த இடைவெளியினூடாகக் காற்று குறுக்கே போக, ராக்கையின் ஒரு பக்கத்தில் தட்டுக்கு ஒன்றாக 12 வோல்ற்று 80 மில்லிமீற்றர் ஃபான் வையுங்கள். காற்று போத்தல் மூடிகளில் நேராக அடிக்க வேண்டாம், தொற்று ஏறும். ட்ரைவர்களை ராக்கையை விட்டே வெளியே எடுங்கள். இவ்வளவும் செய்தும் போத்தலுக்குள் அறையை விட ஒன்றிரண்டு பாகை கூடத்தான் இருக்கும். வெளிச்சம் பட்ட கண்ணாடிப் போத்தலின் இயல்பு அது. ஏ.சி.யை 23 க்கு இறக்கினால் கணக்குச் சரி.

ஏ.சி. இல்லாத அறையில் கீரை, லெற்றியூஸ் வளர்ப்பவர்களுக்கும் ஒரு கணக்கு. மொத்த வாற்றை மூன்றால் பெருக்கி, அறை எத்தனை பாகை கூடலாம் என்பதால் வகுங்கள். மணிக்கு எத்தனை கன மீற்றர் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று வரும். 180 வாற்று, 3 பாகை என்றால் மணிக்கு 180 கன மீற்றர். சுவரின் மேற்பக்கத்தில் 6 அங்குல எக்ஸோஸ்ற் ஃபான் ஒன்று, எதிர்ச்சுவரின் கீழ்ப்பக்கத்தில் அதே அளவு திறப்பு.

இரண்டு வகையினருக்கும் பொருந்தும் வழி, விளக்கை இரவில் எரிப்பது. மாலை 6 மணிக்குப் போட்டுக் காலை 10 மணிக்கு அணைத்தால் 16 மணி நேரமும் கிடைக்கும், மத்தியான வெக்கையில் ஒரு வாற்றும் சேராது. பின்னறைக் காற்று 38 க்குப் பதில் 28 என்றால் ஹீற்சிங்கும் அந்தப் பத்துப் பாகையைக் குறைத்துக்கொண்டு நிற்கும். டைமர் வாங்கும்போது ஒரு கவனம்: எல்.ஈ.டி. ட்ரைவர்கள் போட்ட கணத்தில், வழக்கமாக எடுப்பதைப் போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். 16 அம்பியர் என்று எழுதிய மலிவு டைமரில் நான்கைந்து ட்ரைவரைச் சேர்த்துப் பூட்டினால் உள்ளே உள்ள தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், விளக்கு பகல் முழுக்க எரியும். மூன்று தட்டுக்கும் மூன்று டைமர் வைத்து, ஒன்றுக்கொன்று கால் மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.